அறுந்த கம்பிகளை மீண்டும் இணைத்தது எப்படி?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தந்திக் கம்பியும் தொலைபேசிக் கம்பியும். ஒரு நாட்டின்மீது பெருந்தாக்குதல் நடந்து இவை அறுந்துபோனால் என்ன நடக்கும், அவற்றை மறுபடி எப்படி இணைக்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். "இதெல்லாம் பெரிய உத்தியோகஸ்தர்களின் காரியம், தோட்டத்துச் சனங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று தாய்மார்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் தோட்டத்தில் தொலைபேசி இருந்தது இரண்டே இடங்களில்: ஒன்று ஆபீஸ், மற்றொன்று துரையின் பங்களா. நம்முடைய பாட்டன்மார் பலர் ஆயுள் முழுவதும் அந்தக் கருவியைத் தொட்டதே கிடையாது. ஆனால் அந்தக் கம்பி செத்துப்போனபோது அரிசி வராமல் போனதும், சயாமுக்குக் கொண்டுபோகப்பட்ட மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் போனதும் அவர்களுக்குத்தான்.

கதையை 1941ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம்.

அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு ஜப்பானியப் படைகள் கோத்தாபாருக் கடற்கரையில் இறங்கின. அப்போது மலாயாவில் தொலைபேசி புதிய சங்கதி அல்ல. கோலாலம்பூரில் 1891ஆம் ஆண்டிலேயே தொலைபேசி நிலையம் வந்துவிட்டது. நகரத்தின் நடுவே 1928இல் அதற்கென்று கட்டிய கட்டடம்தான் பின்னாளில் தொலைத்தொடர்பு அருங்காட்சியகமாக ஆயிற்று. ஊருக்கு ஊர் பேசும் டிரங்க் கம்பிகள் சடக்கோரமாகவும் ரயில் பாதையோரமாகவும் கம்பங்களின்மீது ஓடின. செம்புக்கம்பி, பீங்கான் குமிழ், மரக்கம்பம், அவ்வளவுதான். ரயில்வேக்குத் தனியாகத் தந்திக் கம்பி இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர்களும் கிராணிமார்களும் அந்தக் கம்பியை வைத்துத்தான் வேலை பார்த்தார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு வண்டியை அனுப்ப வேண்டுமானால் அடுத்த ஸ்டேஷனைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். கேட்கக் கம்பி இல்லையென்றால் வண்டி இல்லை.

இந்த நாட்டைக் காக்க வந்த படைக்கும் பெரும்பாலும் இதே கம்பிகள்தான் கதி. படைக்கென்று போதுமான கம்பியும் இல்லை, வானொலிக் கருவிகளும் இல்லை. அதனால் விளைந்தது என்ன என்பதற்கு சிலிம் ரிவர் ஒரு பாடம். 1942 ஜனவரி 7ஆம் தேதி, விடியுமுன்னே, ஜப்பானிய டாங்கிகள் பேராக் மாநிலத்தின் தெற்குக் கோடியில் சடக்கு வழியே பாய்ந்துவந்தன. முன்னால் நின்ற பட்டாளத்தை உடைத்துவிட்டன. அந்தச் செய்தி பின்னால் நின்றவர்களுக்குப் போய்ச் சேர வேண்டுமல்லவா? சேரவில்லை. டாங்கி செய்தியைவிட வேகமாகப் போயிற்று. காலையில் சடக்கில் வரிசையாக நடந்துபோய்க்கொண்டிருந்த கூர்க்காப் பட்டாளத்தார்மீது முதுகுப்புறமாகவே டாங்கிகள் வந்து ஏறின. ஒரே காலைப் பொழுதில் சுமார் 30 கிலோமீட்டர் தூரம் கைமாறிவிட்டது. சிலிம் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வெடிவைத்துக் கம்பி இழுத்திருந்தார்கள். ஒரு ஜப்பானிய அதிகாரி இறங்கி ஓடி, அந்தக் கம்பியைத் தன் வாளாலேயே வெட்டினார் என்று போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு நாலாம் நாள், ஜனவரி 11ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்தது.

வீரம் குறைந்ததால் அன்று தோற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆகாயப்படை இல்லை, டாங்கி இல்லை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒரே ஒரு சேதி ஒரு மணி நேரம் முன்னே போயிருந்தால் எத்தனையோ இந்தியச் சிப்பாய்கள் பிழைத்திருப்பார்கள் என்பது நம் எண்ணம்.

பின்வாங்கிய படைக்கு, எதிரிக்குப் பயன்படக்கூடியவற்றை அழித்துவிட்டுப் போ என்பது கட்டளை. பாலங்களைத் தகர்த்தார்கள், எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தினார்கள். அவசரத்தில் சிலவற்றை அப்படியே விட்டும் போனார்கள். பினாங்கில் வானொலி நிலையத்தை அழிக்காமலேயே போய்விட்டார்கள். ஜப்பானியர் அதை வைத்தே சிங்கப்பூருக்குக் கேட்கும்படி ஒலிபரப்பினார்கள். அந்தப் பினாங்கில் நடந்த ஒரு காரியத்தை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தீவை விட்டுப் போனபின்பும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர், கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். ஊரில் படை இல்லை என்ற செய்தி வானொலி மூலம் ஜப்பானியருக்குப் போக ஏற்பாடு செய்தவர்களிலும் அவர் முன்னின்றார். கருவி ஒன்றுதான். அது யார் கையில் இருக்கிறது, என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து உயிர் போகவும் செய்கிறது, மீளவும் செய்கிறது.

அதன் பிறகு மூன்றரை ஆண்டு ஜப்பான்காரன் காலம். தந்தி, தொலைபேசி எல்லாம் ஓடத்தான் செய்தன. பழைய உள்ளூர்ச் சிப்பந்திகளை வைத்தே ஓட்டினார்கள். ஆனால் அவை ஓடியது இராணுவத்துக்காக. சனங்கள் வெளிநாட்டுச் செய்தி கேட்பது குற்றம். பேராக்கில் பாப்பான் என்ற சிற்றூரில் சிபில் கதிகாசு என்ற அம்மையார், டாக்டர் கதிகாசுவின் மனைவி, வானொலிப் பெட்டியை ஒளித்துவைத்து லண்டன் செய்தி கேட்டார். காட்டில் இருந்த போராளிகளுக்கு மருந்தும் கொடுத்தார். 1943இல் பிடிபட்டு, சொல்லக் கூசும் சித்திரவதைக்கு ஆளானார். போர் முடிந்து மூன்று ஆண்டுகூட உயிர் வாழவில்லை. 1948இல் இறந்தார்.

நம் தோட்டங்களில் நடந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாவிலிருந்து 75,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் தமிழ்ச் சனங்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி வர வழியில்லை. இந்தியாவிலிருந்தும் வழக்கமான தபால் நின்றுவிட்டது. லயத்தில் இருந்த பெண்டுகளுக்குக் கணவன் இருக்கிறானா, தாலியைக் கழற்ற வேண்டுமா என்றே தெரியாது. 'தொலைத்தொடர்பு' என்று இப்போது பெரிய சொல்லாகச் சொல்கிறோம். அது இல்லாமல் போவது என்றால் இதுதான்.

போர் முடியும் தறுவாயில் மேலும் அழிவு வந்தது. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்காவின் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் கோலாலம்பூரின் ரயில்வே பட்டறைகளைத் தாக்கின. மார்ச் 10ஆம் தேதி, இன்று தேசிய அருங்காட்சியகம் இருக்கும் இடத்தில் அப்போது இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின்மீதும் குண்டு விழுந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அது கூப்பிடு தூரம்.

1945 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஜப்பான் பணிந்தது. ஆனால் பிரிட்டிஷ் படை சிலாங்கூர்க் கரையில் இறங்கியது செப்டம்பர் 9ஆம் தேதிதான். எங்கே என்று கேட்டால் பந்திங்கிற்கு அப்பால், மோரிப் கடற்கரையில். இறங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். கொண்டுவந்த வண்டிகளில் பல அந்தச் சேற்றில் புதைந்தன. எதிரி சுட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். செப்டம்பர் 13ஆம் தேதி கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் ஜப்பானியத் தளபதி சரணடைந்தார்.

இடையில் கிடந்த அந்த மூன்று நாலு வாரங்களை யோசித்துப் பாருங்கள். போர் முடிந்துவிட்டது என்று வானொலிக்குத் தெரியும், தோட்டத்துக்குத் தெரியாது. சேதி கேட்டவன் கையில் இருந்த வாழைமர நோட்டைக் கொடுத்து அரிசியோ துணியோ வாங்கிக்கொண்டான். கேட்காதவன் மூட்டை மூட்டையாக வைத்திருந்தான். அது வெறும் காகிதமாகிவிட்டது. ஏழைக்கு இப்படித்தான் எப்போதும் செய்தி கடைசியில் வந்து சேர்கிறது.

சரி, திரும்ப இணைக்கும் வேலைக்கு வருவோம். இதுதான் நம் பேச்சின் மையம்.

1945 செப்டம்பர் முதல் 1946 மார்ச் வரை நாட்டை இராணுவ நிர்வாகம் நடத்தியது. அடுத்து மலாயன் யூனியன். அந்த 1946ஆம் ஆண்டில்தான் தொலைத்தொடர்புக்கென்று தனி இலாகா அமைந்தது. தாக்குதலுக்குப் பிறகு இணைக்கிற வேலையில் முதல் கேள்வி, யாருக்கு முதலில் என்பது. எல்லாக் கம்பியையும் ஒரே நாளில் சரிசெய்ய ஆளும் இல்லை, சாமானும் இல்லை. ஆகவே படை கொண்டுவந்த வானொலிக் கருவிகளால் ஊருக்கு ஊர் தற்காலிகத் தொடர்பு. அதன்மேல் போலீஸ், ஆஸ்பத்திரி, ரயில்வே, துறைமுகம். அப்போது போர்ட் சுவெட்டன்ஹம் என்று பெயர். 1972இல் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. போருக்குப்பின் அரிசிப் பஞ்சம் கடுமையாக இருந்த காலம் அது. கப்பல் வந்தால் போதாது. எந்த ஊருக்கு எத்தனை மூட்டை, எந்த வண்டியில், எந்த நாளில் என்று சொல்ல வழி வேண்டும். தோட்டத்துக் கடையில் பங்கீட்டு அரிசி கிடைத்ததற்குப் பின்னால் ஒரு தந்திக் கம்பியும் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி, கம்பி. மூன்றரை ஆண்டு கவனிப்பில்லாமல் கிடந்த கம்பிக்கு நம் நாட்டு மழையும் வெயிலும் என்ன செய்யும் என்பதைப் பால்மரத் தோட்டத்தில் இருக்கிற நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வயலை ஒரு வருஷம் விட்டால் லாலான் மூடிவிடும். கம்பத்தில் கறையான் ஏறும். கொடி படர்ந்து கம்பியைத் தொட்டால், மழை பெய்யும்போதெல்லாம் மின்சாரம் கொடி வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். பேசினால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். செம்புக்கம்பி விலையுள்ள பொருள், திருடனும் விடமாட்டான்.

முப்பது மைல் கம்பியில் எங்கே அறுந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். லைன்மேன் என்று சொல்லப்படுகிற கம்பிக்காரர் கையில் ஒரு சிறிய தொலைபேசிக் கருவியோடு புறப்படுவார். நடுவழியில் ஒரு கம்பத்தில் ஏறி, கருவியைக் கம்பியில் மாட்டி நிலையத்தைக் கூப்பிடுவார். பதில் வந்தால் இதுவரை கம்பி நல்லது, கோளாறு இதற்கு அப்பால். பதில் இல்லையென்றால் இதற்கு இப்பால். பிறகு மிச்சமுள்ள தூரத்தில் பாதிக்குப் போய் மறுபடி ஏறுவார். முப்பது மைல் பதினைந்தாகும், பதினைந்து ஏழரையாகும். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் அஞ்சாறு தடவையில் கோளாறு இருக்கும் இடம் ஒரு மைலுக்குள் அகப்பட்டுவிடும். ஒவ்வொரு கம்பமாக ஏறினால் எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதற்கு ஏறாத வழியும் உண்டு. ஒரு மைல் கம்பிக்குள் மின்சாரம் ஓடும்போது இவ்வளவு தடை இருக்கும் என்று முன்பே அளந்து வைத்திருப்பார்கள். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தால், நிலையத்தில் உட்கார்ந்தபடியே தடையை அளந்து, போகவர எத்தனை மைல் என்று வகுத்துச் சொல்லிவிடலாம். பத்தாவது மைலில் பார் என்று ஆள் அனுப்பினால் அங்கே மரம் சாய்ந்து கிடக்கும். படித்தவரின் கணக்கும் ஏறுகிறவரின் கால்களும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

நகரத்துக்குள் மண்ணுக்கடியில் போகிற கேபிள் வேறு விதம். மேலே ஈயக்குழாய், உள்ளே காகிதம் சுற்றிய நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகள். ஈயத்தில் ஒரு வெடிப்பு விழுந்தால் தண்ணீர் புகுந்துவிடும், காகிதம் நனைந்துவிடும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும், கடைசியில் யாருக்கும் ஒன்றும் கேட்காது. கேபிள் இணைப்பவர் அந்த இடத்தை வெட்டித் திறந்து, சூடான மெழுகை உருக்கி ஊற்றுவார். காகிதத்தில் ஈரம் இருந்தால் அப்பளம் பொரிவதுபோல் படபடவென்று சத்தம் கேட்கும். சத்தம் அடங்கும்வரை ஊற்ற வேண்டும். அடங்கினால் ஈரம் போயிற்று என்று பொருள். பிறகு ஒவ்வொரு கம்பியாக, அதன் ஜோடியைத் தேடி, முறுக்கி இணைக்க வேண்டும். ஒரு குழிக்குள் குந்தி உட்கார்ந்து நாள் முழுவதும் செய்கிற வேலை. தொலைபேசி நிலையத்தில் பெரிய பேட்டரிகள் வரிசையாக இருக்கும். அவற்றைச் சார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டால் உள்ளிருக்கும் ஈயத்தகடுகள் வெளுத்துக் கெட்டுவிடும். அதற்குப் புதிது வந்தாலொழிய வேறு வழியில்லை. போர் முடிந்த உலகத்தில் எல்லா நாடும் அதையே கேட்டுக்கொண்டு நின்றது.

இப்படிச் சீர் செய்துகொண்டிருக்கும்போதே 1948 ஜூன் மாதத்தில் அவசரகாலம் வந்தது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டிலிருந்து வந்தவர்கள் தோட்டத்தைத் தாக்குமுன் தொலைபேசிக் கம்பியை அறுத்துவிடுவது வழக்கம். இம்முறை மழையோ கறையானோ அல்ல, வேண்டுமென்றே வெட்டுவது. கம்பி அறுந்தது என்றால் பழுதுபார்க்கப் போகிறவர் வருவார், அவரையே மறைந்திருந்து சுடலாம். அதனால் லைன்மேன் தனியே போக முடியாது, காவலோடு போனார். அவருக்குக் கிடைத்த சம்பளத்தில் இந்த ஆபத்துக்கென்று ஒரு காசு கூடச் சேர்த்திருப்பார்களா என்பது சந்தேகமே. அவர்கள் பெயர்கள் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை.

அந்தக் காலத்தில் போலீஸ் நிலையங்களுக்கு இடையே வானொலித் தொடர்பு பரவலாயிற்று. அறுப்பதற்கு அதில் கம்பி இல்லை. ஆனால் கருவி பழுதானால் அதுவும் ஊமைதான். 1951 அக்டோபர் 6ஆம் தேதி, ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குப் போகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு புறப்பட்ட போலீஸ் வானொலி வண்டி வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டது. சுடப்பட்ட இடத்திலிருந்து உதவி கேட்க, ஒரு கவச வண்டி அடுத்த போலீஸ் நிலையம்வரை ஓட வேண்டியிருந்தது. நாட்டின் தலைமை அதிகாரிக்கே இந்தக் கதி என்றால், ஓர் ஒதுக்குப்புறத் தோட்டத்தின் லயத்துக்கு எப்படி இருந்திருக்கும்!

1962இல் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஆள் துணையின்றி நாமே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. அதற்குப் பின் நடந்த மாற்றங்களை நேயர்கள் அறிவீர்கள். இலாகா 1987இல் கம்பெனியாயிற்று. இன்று வீட்டுக்கு ஒன்று என்ன, ஆளுக்கு ஒன்றாகக் கைத்தொலைபேசி. கம்பியே இல்லையே, இனி யார் எதை அறுப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். நினைக்கக் கூடாது. இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று.

உக்ரேன் நாட்டில் கியிவ்ஸ்டார் என்பது மிகப்பெரிய கைத்தொலைபேசிக் கம்பெனி. சுமார் 2 கோடியே 40 இலட்சம் சந்தாதாரர்கள். அந்த நாடு ரஷ்யாவோடு போரில் இருக்கும்போது, 2023 டிசம்பர் 12ஆம் தேதி காலை, அந்தக் கம்பெனியின் சேவை முழுவதும் நின்றுவிட்டது. ஒரு கோபுரமும் விழவில்லை, ஒரு கம்பியும் அறவில்லை. கணினி வழியாகத் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்தவர்கள் ஆயிரக்கணக்கான கணினிச் சேவையகங்களை அழித்துவிட்டார்கள். ஊழியர் ஒருவரின் கணக்கு எதிரி கையில் சிக்கியதே வாசல் என்று கம்பெனித் தலைவர் சொன்னார். குறைந்தது மே மாதத்திலிருந்தே அவர்கள் உள்ளே பதுங்கியிருந்ததாக அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை பிறகு அறிவித்தது.

இது எப்படிப்பட்ட அழிவு என்பதை நம் தோட்டத்துக் கணக்கில் சொல்லலாம். பெரட்டுக் களத்தில் ஆட்கள் எல்லாரும் நிற்கிறார்கள். மரங்கள் நிற்கின்றன, கத்தி, வாளி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஆபீஸில் இருந்த செக்ரோல் புத்தகம் எரிந்துவிட்டது. யார் பெயர் என்ன, யாருக்கு எந்த வயல், யாருக்கு எத்தனை நாள் சம்பளம், ஒன்றும் கிராணிக்குத் தெரியாது. கைத்தொலைபேசிக் கம்பெனிக்கும் அப்படி ஒரு செக்ரோல் உண்டு. இந்த எண் யாருடையது, இப்போது எந்தக் கோபுரத்தின் பக்கத்தில் இருக்கிறது, பேச அனுமதி உண்டா என்று ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துத்தான் இணைப்புக் கிடைக்கும். அது அழிந்தால் கோபுரம் நின்றும் பயனில்லை. 2022இல் போர் தொடங்கியதும் அந்த நாட்டின் மூன்று கம்பெனிகளும் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. ஒன்றின் கோபுரம் விழுந்தால் அதன் சந்தாதாரர் மற்றதன் கோபுரத்தில் பேசிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த டிசம்பரில் அது கைகொடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வேலை கொடுக்கத் தயார் என்றாலும், இவர் எங்கள் ஆள் என்று சொல்லச் செக்ரோல் வேண்டுமே!

விளைவுகள் எங்கெங்கோ போய் முட்டின. சில ஊர்களில் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு அந்தத் தொலைபேசிச் சேவையைச் சார்ந்திருந்தது. அது ஊதவில்லை. ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளில் தெருத்தெருவாகப் போய் எச்சரிக்க ஏற்பாடு செய்தார்கள். வங்கியின் பணம் தரும் இயந்திரங்கள் சில நின்றன. லிவிவ் நகரத்தில் தெரு விளக்குகளை ஆள் போய்க் கையால் அணைக்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் விளக்கை அணைக்கும் கட்டளையும் அதே தொலைபேசி வழியே போய்க்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்தே குரல் சேவை கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றது. டிசம்பர் 20ஆம் தேதி எல்லாச் சேவைகளும் திரும்பிவிட்டதாக அறிவித்தார்கள். எட்டு நாள். நம் நாட்டில் 1945இல் தொடங்கிய சீரமைப்போடு ஒப்பிட்டால் கண் மூடித் திறக்கும் நேரம். இருந்தாலும் இரண்டிலும் ஒழுங்கு ஒன்றே. முதலில் கெட்டது பரவாமல் தடுத்து, எது நல்லது எது கெட்டது என்று பகுதி பகுதியாகச் சோதிப்பது. பின் குரல், அப்புறம் மற்றவை. எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் கோடிக்கணக்கான தொலைபேசிகள் ஒரே மூச்சில் வந்து மோதி, எழுந்ததும் மறுபடி படுத்துவிடும். ஆகவே வட்டாரம் வட்டாரமாகத் திறக்க வேண்டும்.

போர் வேண்டாம், எதிரி வேண்டாம், வெள்ளமே போதும் என்பதையும் நாம் பார்த்தாயிற்று. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிய மழையில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. நம் சனங்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றார்கள். மின்சாரம் போயிற்று. கைத்தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்தது. கோபுரங்களுக்கும் பேட்டரி உண்டு, ஆனால் அது சில மணி நேரத்துக்குத்தான். எண்கள் எல்லாம் தொலைபேசிக்குள் இருந்தன. அது அணைந்ததும், பக்கத்தில் ஒருவர் தன் தொலைபேசியைக் கொடுத்தாலும் மகளின் எண் நினைவில் இல்லாமல் தவித்த தாய்மார் எத்தனை பேர்!

ஆகவே இன்றிரவே செய்யக்கூடிய சில சிறு காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம். பிள்ளைகள், மருமக்கள், அண்ணன் தம்பி, தோட்டத்து ஆபீஸ், பக்கத்து ஆஸ்பத்திரி, இவர்களுடைய எண்களை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அடையாளக் கார்டு வைக்கிற இடத்திலேயே வையுங்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு ஒரே ஒரு எண்ணையாவது மனப்பாடம் செய்ய வையுங்கள். அவசரத்துக்கு 999. பேட்டரியில் பாடும் சின்ன வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும். கோபுரங்கள் சாய்ந்தாலும் தொலைவிலிருந்து வரும் ஒலிபரப்பை அது பிடிக்கும். ஊர் முழுவதும் தொலைபேசி திணறும்போது பேச முயன்று கொண்டே இருப்பதைவிடக் குறுஞ்செய்தி ஒன்று அனுப்புங்கள். அதற்கு வேண்டிய இடம் மிகச் சிறிது, நெரிசலில் அது நுழைந்து போய்விடும்.

எண்களைத் தாளில் எழுதும்போது பென்சிலால் எழுதுங்கள். பேனா மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடக்கூடும்.